கரைதலும் சேர்தலும்

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். 14 வயது மகள் கையில் ஒரு தாளும் பேனாவுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, ஸ்கூலுக்கு ஒரு இன்டர்வியூ பண்ணணும். பத்து நிமிஷம்தான்."

சமூகவியல் பாடம். 'இன்டெக்ராட்ஸியோன்', 'அஸிமிலாட்ஸியோன்' என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் பொருள் எழுத வேண்டும், வித்தியாசம் சொல்ல வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்து குடியேறிய ஒருவரைப் பேட்டி கண்டு அவர் வாழ்க்கையில் எது நடந்தது என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். வகுப்பில் சில பிள்ளைகள் அப்படி ஒரு ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சிரமம் இல்லை.

"நீங்க எது?" என்றாள்.

"இன்டெக்ராட்ஸியோன்தான். இதுல என்ன சந்தேகம்?"

எழுதிக்கொண்டாள். "வீட்டுக்குள்ளயும் அதேதானா?"

"வீட்டுக்குள்ளயும்தான்."

இதை அவள் எழுதவில்லை. பேனாவின் மூடியைக் கடித்தபடி என்னையே பார்த்தாள். "அப்போ தமிழ் ஸ்கூல்?"

தாளிப்பு கருகுகிறது என்று சொல்லி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கருகவில்லை. அவள் கேட்டது எதைப் பற்றி என்று எனக்கு நன்றாகவே தெரியும். பதில்தான் தெரியவில்லை. அன்றிரவு அவள் தூங்கிய பிறகு அந்த இரண்டு சொற்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியது.

இரண்டும் லத்தீன் வேர் கொண்ட சொற்கள். அஸிமிலேஷனில் 'சிமிலிஸ்' இருக்கிறது: ஒத்தது, ஒரே மாதிரியானது. ஒன்றை மற்றொன்றைப் போல ஆக்குவது என்று பொருள். இன்டக்ரேஷனில் 'இன்டீகர்' இருக்கிறது: முழுமையானது, குறைபடாதது. கணக்கில் முழு எண்ணுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற அதே சொல். பகுதிகள் சேர்ந்து முழுமையாவது என்று பொருள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் நான். அசிமிலேஷனை முதலில் சந்தித்தது உயிரியல் பாடத்தில்தான். உட்கொள்ளுதல், செரித்தல், உறிஞ்சுதல் என்ற வரிசையில் அடுத்து 'தன்மயமாதல்' வரும். தின்ற இட்லி இட்லியாக இருப்பதை நிறுத்திவிட்டு உடம்பாக மாறிவிடும் கட்டம் அது. உடம்பு அப்படியே இருக்கும். இட்லியைப் பிறகு தேடினால் கிடைக்காது. சமூகவியல்காரர்கள் அந்தச் சொல்லை மனிதர்களுக்குப் பயன்படுத்தும்போதும் இந்தப் படம்தான் பின்னால் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதைக் 'கரைதல்' என்றே சொல்கிறேன். மற்றதைச் 'சேர்தல்' என்கிறேன்.

என் தொழிலிலும் இந்த வேறுபாடு உண்டு. நிறுவனங்களின் கணக்கு, சரக்கு, சம்பள மென்பொருள்களை மாற்றிக்கொடுக்கும் ஆலோசகன் நான். வாடிக்கையாளர் 'மைக்ரேஷன்' கேட்டால், பழைய மென்பொருளில் உள்ள தரவையெல்லாம் புதியதன் வடிவத்துக்கு மாற்றி ஏற்றுவோம். புதியதில் இடமில்லாத விவரம் விடுபட்டுப்போகும். ஒரு வார இறுதியில் பழையதை அணைத்துவிடுவோம். 'இன்டக்ரேஷன்' கேட்டால், இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு இணைப்பு கட்டுவோம். அதற்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. இந்தப் பக்கத்துக் குழு மட்டும் மாற்றங்கள் செய்து, அந்தப் பக்கத்துக் குழு 'எங்களிடம் எதையும் தொடக் கூடாது' என்று கையைக் கட்டிக்கொண்டால் அந்த இணைப்பு ஓடாது. இருபது ஆண்டுகளாக இதைக் கூட்டம் கூட்டமாக விளக்கிச் சொல்லிப் பணம் வாங்குகிறேன்.

சமூகவியலில் இந்தச் சொற்களுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. சிகாகோவில் ராபர்ட் பார்க்கும் எர்னஸ்ட் பர்ஜஸும் 1921-இல் எழுதிய பாடநூலில் கரைதல் பற்றிப் பேசுகிறார்கள். வந்தவர்களும் இருப்பவர்களும் ஒருவர் நினைவுகளை மற்றவர் பெற்று ஒரு பொது வாழ்வில் கலந்துவிடுவார்கள் என்பது அவர்கள் கருத்து. அன்றைய அமெரிக்காவில் இது நம்பிக்கையான சொல். 1964-இல் மில்டன் கோர்டன் அதைப் பிரித்துப் பார்த்தார். மொழி, உடை, பழக்கவழக்கம் ஆகியவற்றில் ஒருவர் முழுக்க மாறிவிடலாம். ஆனால் அவர்களுடைய நட்பு வட்டங்களிலும் மன்றங்களிலும் குடும்பங்களிலும் இடம் கிடைப்பது தனி விஷயம். முன்னது நடந்துவிட்டதால் பின்னது நடக்கும் என்ற உறுதி இல்லை என்றார் அவர். எத்தனை சுத்தமான ஜெர்மன் பேசினாலும், வாடகை வீடு கேட்டுப் போன் செய்து பெயரைச் சொன்னதும் "கொடுத்தாயிற்று" என்று பதில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1966 மே மாதம் பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் ஓர் உரையில் இரண்டு சொற்களையும் வெளிப்படையாகப் பிரித்தார். எல்லோரையும் ஒரே அச்சில் தட்டி எடுப்பதைத் தாம் சேர்தல் என்று சொல்லவில்லை என்பதும், சமமான வாய்ப்பு, பலவிதப் பண்பாடு, இரு தரப்பிலும் பொறுத்துப்போகும் குணம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதும் அவர் பேச்சின் சாரம்.

பிறகு கனடாவின் உளவியலாளர் ஜான் பெர்ரி இதை இரண்டு கேள்விகளாக்கினார். உன்னுடையதை வைத்துக்கொள்கிறாயா? புதிய சமூகத்தோடு பழகுகிறாயா? இரண்டுக்கும் ஆம் என்றால் சேர்தல். முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்றால் கரைதல். முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் ஒதுங்குதல். இரண்டுக்கும் இல்லை என்றால் விளிம்பில் நிற்பது. நான்கு கட்டம் போட்ட இந்தப் படம் மகளின் பாடப்புத்தகத்திலும் இருந்தது. படத்துக்கு வெளியே பெர்ரி சொன்ன ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. வந்தவர் விரும்பினால் மட்டும் சேர்தல் நடக்காது. இருக்கிற சமூகமும் கதவைத் திறந்து தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆக, யார் எவ்வளவு இழக்கிறார் என்று அளந்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. யாரெல்லாம் நகர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவர் மட்டுமே நகர்ந்தால், அதற்கு வெளியே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே நடப்பது கரைதல்.

பெயர் ஒட்டும் வேலையில் ஜெர்மனிக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1961-இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். 1973-இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். வந்தவர்களுக்கு 'விருந்தினர் தொழிலாளி' என்று பெயர். விருந்தாளி திரும்பிப் போய்விடுவார் என்ற எண்ணம் இருந்ததால் கரைதலும் பேசப்படவில்லை, சேர்தலும் பேசப்படவில்லை. குடியுரிமை 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரத்தவழியில்தான் வந்தது. இங்கே பிறந்த வெளிநாட்டவர் குழந்தைக்கு, சில நிபந்தனைகளோடு, பிறப்பால் குடியுரிமை என்பது 2000-த்தில்தான் வந்தது. அதே 2000-த்தில் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ் 'லைட்கூல்ட்டூர்' என்ற சொல்லை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார். வழிநடத்தும் பண்பாடு ஒன்று இருக்கிறது, வந்தவர்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்பது பொருள்.

நான் முதுகலை படிக்க 2004 அக்டோபரில் வந்தேன். மூன்று மாதத்தில், 2005 ஜனவரி 1 முதல், புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் 'இன்டெக்ராட்ஸியோன்' வகுப்புகள் அறிமுகமாயின. மொழிக்கு 600 பாடவேளை. மனைவி வந்ததும் அந்த வகுப்பில் சேர்ந்தாள். நல்ல வகுப்பு. அங்கே கிடைத்த சிரிய, போலந்து சிநேகிதிகள் இன்றும் வீட்டுக்கு வருகிறார்கள். அரசாங்கம் செலவழித்து மொழி கற்றுக்கொடுத்ததும் ஒரு நகர்வுதான், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சொல் வகுப்பறைக்கு வெளியே வந்ததும் வேறு பொருள் கொள்ளும். 2014-இல் மகளுக்கு நான்கு வயது. கிண்டர்கார்டனில் அவள் அதிகம் பேசுவதில்லை. அங்கே ஒரு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்பாகத்தான், சொன்னார்: "வீட்டிலும் ஜெர்மன் பேசுங்கள். அப்போதுதான் அவள் இன்டக்ரேட் ஆவாள். குழந்தைக்குத்தான் நல்லது." அதே ஆண்டு டிசம்பரில் பவேரியாவின் சிஎஸ்யூ கட்சி, குடியேறியவர்களைக் குடும்பத்துக்குள்ளும் ஜெர்மன் பேச வலியுறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மான வரைவு எழுதி, நாடே கேலி செய்ததும் வாசகத்தை மென்மையாக்கியது. நான் அலுவலகத்தில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் அதற்கு முன்பே அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிப் பார்த்திருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் முயன்றோம். எங்களுக்குத் தெரிந்த ஜெர்மனில் கட்டளைகள்தான் இருந்தன. சாப்பிடு, வா, படு, பல் தேய். கதை சொல்ல முடியவில்லை. கொஞ்ச முடியவில்லை. ஒழுங்காகத் திட்டக்கூட முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது குழந்தை மருத்துவர் சொன்னார், "உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அதைப் பேசுங்கள். ஜெர்மனை அவள் வெளியே பிடித்துக்கொள்வாள்." காரில் ஏறியதும் மனைவி மகளிடம் தமிழில் பேச ஆரம்பித்தவள் வீடு வரை நிறுத்தவில்லை. அந்த ஆசிரியை கேட்டது சேர்தல் இல்லை, கரைதல் என்று அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. அதாவது, பிறர் செய்யும்போது புரிந்தது.

இன்னொரு முறையும் புரிந்திருக்க வேண்டும். 2008 பிப்ரவரியில் துருக்கியின் அன்றைய பிரதமர் எர்டோகன் கொலோனில் ஒரு பெரிய அரங்கத்தில், கரைதலைத் திணிப்பது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று பேசினார். மறுநாள் அலுவலகத்தில் அதே பேச்சு. நான் "சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்" என்றேன். தியார்பகிர் பக்கத்திலிருந்து வந்த குர்து நண்பன் ஒருவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "என் அம்மா பள்ளிக்கூடத்தில் குர்தி பேசியதற்கு அடி வாங்கியவர்" என்றான். குர்து மொழியில் அச்சிடுவதையும் வெளியிடுவதையும் துருக்கி 1983-இல் சட்டம் போட்டுத் தடை செய்து, 1991-இல்தான் அதை நீக்கியது. வெளிநாட்டில் தன் மக்களுக்குச் சேர்தல் கேட்ட அரசு, உள்நாட்டில் வேறு மக்களுக்குக் கரைதலை விதித்திருந்தது. நான் அவனுக்காக வருத்தப்பட்டேன். என் பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி தமிழ்ப் பள்ளிக்கூடம்.

எங்கள் ஊரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துவது இலங்கைத் தமிழர்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள், தொழிற்சாலையிலும் உணவக அடுக்களையிலும் வேலை பார்த்த கையோடு, வாடகை மண்டபத்தில் தொடங்கிய பள்ளி. மகளை ஆறு வயதில் அங்கே சேர்த்தேன். கட்டணம் பெயருக்குத்தான். அவளுடைய ஆசிரியை யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர்.

ஓராண்டில் மகள் நன்றாக எழுதினாள். பேச்சும் மாறியது. 'கதைக்கிறேன்' என்றாள். 'விளங்கேல்லை' என்றாள். அழகான சட்டை 'வடிவான' சட்டை ஆனது. திண்டுக்கல்லில் இருக்கும் பாட்டியோடு வீடியோவில் பேசும்போது எல்லாவற்றுக்கும் 'ஓம், ஓம்' என்றாள். "என்னப்பா, பிள்ள ஓம் ஓம்ங்குது, சாமியாராப் போகப் போகுதா?" என்று அம்மா சிரித்தார். அம்மா சிரிப்போடு விட்டுவிட்டார். நான் விடவில்லை.

வீட்டில் திருத்த ஆரம்பித்தேன். "கதைக்கிறது இல்ல, பேசுறது. விளங்கல இல்ல, புரியல." ஒவ்வொரு வாக்கியத்தையும் நடுவில் நிறுத்தினேன். அது போதாதென்று 2018-இல் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் போய், மிக மரியாதையாக, "டீச்சர், பேச்சுல கொஞ்சம் பொதுவான தமிழா சொல்லிக்குடுத்தா நல்லா இருக்கும். பிள்ளைக்குத்தான் நல்லது" என்றேன்.

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் தம்பி, பாப்பம்" என்றார். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

1956-இன் தனிச் சிங்களச் சட்டத்தின் கீழ் வளர்ந்த ஒருவரிடம், தன் மொழியைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்த ஒருவரிடம், உங்கள் தமிழ் பொதுவானதல்ல என்று நான் சொல்லியிருக்கிறேன். பொதுவானது என்று நான் சொன்ன தமிழும் என் ஊர்த் தமிழ் இல்லை. சென்னைக் கல்லூரி விடுதியில் என் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு பருவத்தேர்வு முடிவதற்குள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கேட்கிற ஒரு தமிழை மாட்டிக்கொண்டேன். நான் கரைந்த இடத்திலேயே மகளும் கரைய வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. திருத்துவதற்கு வாக்கியங்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பத்து வயதில் தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் மட்டும் அவள் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி திருத்துவதில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. மூன்று வாரம் ஜெர்மன் பேசி வீடு அமைதியானதை ஒரு கதையாக எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். மகளுக்கும் எனக்கும் நடுவில் வருஷக்கணக்காக நீண்ட அமைதியைச் சொன்னதில்லை.

இதையெல்லாம் மறுநாள் மாலை அவளிடம் சொன்னேன். வரிசையாக, பாதி ஜெர்மனில், பாதி தமிழில். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓகே" என்று மட்டும் சொல்லி அறைக்குப் போனாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று இரண்டு நாள் கழித்துத் தாளைக் கொண்டுவந்தாள். என் பெயருக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அப்பா வெளியே கேட்பது சேர்தல். வீட்டில் அவர் எதிர்பார்த்தது கரைதல். அது அவருக்குத் தெரியாமல் நடந்தது.' மூன்றாவது வாக்கியம் கருணையால் எழுதியது. கையெழுத்துப் போட்டேன்.

கரைவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. விரும்பிக் கரைகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. மூன்றாம் தலைமுறையில் எங்கள் வீட்டிலும் அது நடக்கலாம். ஒருவரிடம் 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லிக் கரையக் கேட்டுவிட்டு அதற்குச் சேர்தல் என்று பெயர் வைப்பதில்தான் ஏமாற்று இருக்கிறது. அதை நாடுகள் செய்கின்றன. கட்சிகள் செய்கின்றன. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையில் கார் சாவியோடு, ஒரு தகப்பனும் செய்யலாம்.

இந்தக் கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனோம். 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் நிற்கிறது. தேர் வரும் தெருவில் போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி வழிவிடுகிறார்கள். தேங்காய் உடைக்கும் இடத்தில் ஜெர்மன்காரர்கள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில், மோர்ப் பந்தல் பக்கத்தில், டீச்சரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம்.

மகளை முதலில் அனுப்பிவிட்டு நான் பின்னால் போனேன். 2018-இல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அவரே பேசினார்.

"அது எப்பவோ முடிஞ்ச கதை, தம்பி. நீங்கள் சொன்னாப் பிறகு நானும் யோசிச்சுப் பாத்தனான். வகுப்பிலை இந்தியாப் பிள்ளையளும் நாலு பேர் இருந்தவை. அண்டையிலை இருந்து ரெண்டையும் போர்டிலை எழுதினனான். கதைக்கிறதும் பேசுறதும். விளங்குதும் புரியுதும். பிள்ளையளுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

நான் நகரச் சொன்னபோது அவர் நகர்ந்திருக்கிறார், தன்னுடையதை விடாமல். அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பும் ரயிலில் மகளிடம் கேட்டேன், "டீச்சர் சொன்னாங்களே, கரைச்சல்னா என்ன?"

"தொந்தரவு. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் தமிழில்.

"தெரியாது" என்றேன். வேறு என்னென்ன தெரியாது என்று கேட்டு, கொலோன் வரும் வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.